வெள்ளக் காலத்துப் பத்தியம்

எனக்குக் கோர்வையாக எழுத வராது. படித்தது அஞ்சாவது வரைக்கும்தான், அதுவும் களையெடுக்கப் போகாத நாளில். முன்னால் சொல்ல வேண்டியதைப் பின்னால் சொல்லுவேன். பாதி மறந்தும் போயிருக்கும். படிக்கிறவர்கள் கோவிச்சுக்கக் கூடாது. பேச்சும் எனக்கு அப்படித்தான். நாலு பேர் நிற்கிற இடத்தில் வாய் ஒட்டிக்கொள்ளும். அடுப்புப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டால்தான் மூச்சு சீராக வரும்.

அடுப்புதான் எனக்குப் பிழைப்பு. எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் சத்துணவுக்கு ஆயாவாக இருந்தேன். ஊரில் பாதிப் பேர் என் கையால் முட்டையும் சுண்டலும் தின்றவர்கள். அதனால் மீசை நரைக்கிறவன்கூட என்னை ஆயா என்றுதான் கூப்பிடுவான். வேலையிலிருந்து நின்று ரொம்ப நாள் கழித்து, திரும்பவும் அந்தச் சமையல் கூடத்தில் கொஞ்ச நாள் வேலை செய்தேன். அதைத்தான் எழுத வந்தேன். வெள்ளம் வந்த வருஷம் அது. ஊரே தண்ணீரில் கிடந்த நாட்கள். நினைத்தால் துக்கம்தான் வரவேண்டும். எனக்கு ஆசையாக இருக்கிறது. வாய்விட்டுச் சொல்லக் கூச்சம், அதனால் எழுதுகிறேன்.

எங்கள் ஊர் கள்ளக்குறிச்சிக்கு மேற்கே, கல்வராயன் மலை கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் இருக்கிறது. மலைமேல் கருத்தால் நாங்கள் இங்கே கொடியில் கிடக்கிற துணியை எடுத்துவிடுவோம். அங்கே பேய்கிற மழை ஓடை ஓடையாக இறங்கி எங்கள் ஏரிக்குத்தான் வரும். அந்த வருஷம் வந்தது துணி எடுக்கிற மழை இல்லை. விடாமல் கொட்டி, ஏரிக்கரை ஒரு பக்கம் உடைந்து, கீழத் தெரு மொத்தமும் தண்ணீர் புகுந்துவிட்டது. பள்ளிக்கூடம் மேட்டில் இருப்பதால் சனங்களையெல்லாம் அங்கே கொண்டுவந்து சேர்த்தார்கள். இப்போது சமைக்கிற பொண்ணு தாய் வீட்டுக்குப் போன இடத்தில் பஸ் இல்லாமல் மாட்டிக்கொண்டாள். பெரிய வாத்தியார் எனக்கு ஆள் அனுப்பினார்.

"ஆயா வந்து அடுப்பைப் பத்த வெச்சாப் போதுமாம். மத்ததை அவங்க பாத்துக்கறாங்களாம்" என்று வந்தவன் சொன்னான். அடுப்பைப் பற்றவைத்தவளை எந்த ஊரில் சும்மா உட்கார விடுவார்கள்? போனதும் அரிசி களைய ஆரம்பித்தேன்.

சமையல் கூடம் பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் தனியாக இருக்கிறது. கேஸ் வந்த பிறகும் பழைய விறகடுப்பை யாரும் இடிக்கவில்லை. சிலிண்டர் சீக்கிரமே தீர்ந்துபோக, அந்த அடுப்புதான் எல்லாருக்கும் சோறு போட்டது. பக்கத்தில் அரிசி மூட்டை வைக்கிற சின்ன அறை, நடுவில் கதவில்லாத வாசல். பள்ளிக்கூடத்துக்கே காய்ந்த இடம் என்றால் அது ஒன்றுதான்.

இனி அந்தப் பிள்ளையைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

கீழத் தெருவில் கடைசி வீட்டு மருமகள் வெள்ளிமலைப் பொண்ணு. அவள் அப்பா மலையில் ஜீப் ஓட்டுகிறவர். தலைப்பிரசவத்துக்குத் தாய் வீட்டுக்குப் போனவளை மூணாம் மாசம் முறைப்படி கூட்டி வந்திருந்தார்கள். பொம்பளைப் பிள்ளை. வந்து தொட்டில்கூடச் சரியாகக் கட்டியிருக்க மாட்டார்கள், தண்ணீர் வந்துவிட்டது. புருஷன் பெங்களூரில் கட்டட வேலையில் இருந்தான். மாமியாரும் மருமகளும் பிள்ளையைத் துணி துவைக்கிற பிளாஸ்டிக் டப்பில் வைத்துத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு, மார்பளவுத் தண்ணீரில் நடந்து வந்து சேர்ந்தார்கள். பிள்ளை நனையவில்லை. தூக்கி வந்த இரண்டு பேருக்கும்தான் நனையாத இடம் இல்லை.

வந்ததும் பிள்ளை பசியில் கத்தியது. அந்தப் பொண்ணு ஒரு மூலையில் சுவரைப் பார்த்து உட்கார்ந்து ஜாக்கெட்டில் கை வைத்தாள். மாமியார் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஈரப் பால் குடுக்காதடி. குளிர் ஏறிடும் புள்ளைக்கு. தல காயட்டும்."

இது எங்கள் பக்கத்துப் பழக்கம். வெயிலில் களையெடுத்துவிட்டு வந்தாலும் சரி, மழையில் நனைந்து வந்தாலும் சரி, வந்த சூட்டோடோ வந்த ஈரத்தோடோ பிள்ளைக்குப் பால் கொடுக்க மாட்டோம். தலையைத் துவட்டி, உடம்பு சமமானதும், கொஞ்சம் பீய்ச்சிக் கீழே விட்டுவிட்டுத்தான் பிள்ளையை மடியில் போடுவோம். நானும் என் பிள்ளைகளை அப்படித்தான் வளர்த்தேன். சாதாரண நாளில் அதனால் கெட்டது ஒன்றும் இல்லை. கொடியில் காய்ந்த சேலை இருக்கும், அடுப்பில் தணல் இருக்கும், தலையை முடிந்துகொண்டு உட்காருவதற்குள் பிள்ளை அப்படி ஒன்றும் துவண்டுவிடாது. ஆனால் அன்றைக்குப் பள்ளிக்கூடத்தில் காய்ந்த துணி என்று கைக்குட்டைகூடக் கிடையாது. மழையும் விடவில்லை. தலை எங்கே காயும்? சுற்றிலும் ஆம்பிளைகள் வேறு. அந்தப் பொண்ணு பீய்ச்சிப் பீய்ச்சிச் சுவரோரம் விட்டுக்கொண்டிருந்தாள். பிள்ளை அழுதது, ஓய்ந்து தூங்கியது, எழுந்து திரும்பவும் அழுதது.

அந்தச் சமயம் பார்த்து ஒரு டிராக்டரில் சாமான் வந்தது. கள்ளக்குறிச்சியில் கடை வைத்திருக்கிற ஒருத்தர் சிநேகிதக்காரர்களைச் சேர்த்துக்கொண்டு கொண்டுவந்தார். ரொட்டி, பிஸ்கட், மெழுகுவத்தி, அதோடு பால் பவுடர் டப்பாக்களும் ரப்பர் வைத்த பாட்டில்களும். நல்ல மனசோடு வந்தவர்கள். அந்தத் தண்ணீரில் வண்டி விட எத்தனை பேருக்குத் தைரியம் வரும்?

மாமியார்க்காரிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. டப்பாமேல் இருந்த பிள்ளை படத்தை எல்லாருக்கும் காட்டினாள். "பாத்தியா, எப்பிடிக் கொழுக்கு மொழுக்குனு கீது! தல காயற வரைக்கும் இத்தக் குடுப்போம்." டேங்குத் தண்ணீர் டீ நிறத்தில் வந்துகொண்டிருந்தது. அதைத் தன் சேலை முந்தானையில் வடிகட்டி, பவுடரைக் கரைத்து, பாட்டிலில் ஊற்றிக் கொடுத்தாள். பிள்ளை கண்ணை மூடிக்கொண்டு உறிஞ்சியது. பார்த்தவர்கள் எல்லாரும் அப்பாடா என்றோம். நானும்தான். அதில் ஒரு கெடுதல் இருக்கும் என்று எங்களில் யாருக்கும் தோன்றவில்லை.

சோறு விஷயத்திலும் அந்த அம்மா விட்டுக்கொடுக்கவில்லை. நான் அன்றைக்குப் பூசணிக்காய் சாம்பார் வைத்திருந்தேன். பிள்ளை பெற்றவளுக்குப் பூசணி ஆகாது, குளுமை. மறுவேளை தக்காளிச் சோறு, அதுவும் ஆகாது, புளிப்பு. பத்தியச் சோறு என்றால் பூண்டும் மிளகும் போட்ட குழம்பு, நல்லெண்ணெய், கருவாடு இருந்தால் கருவாடு. முகாமில் அதெல்லாம் யார் வைக்கிறது? மருமகள் வெறும் ரொட்டியைத் தண்ணீரில் நனைத்துத் தின்றுகொண்டு உட்கார்ந்திருந்தாள்.

பந்தியில் இருந்த ஒருத்தி பொறுக்க மாட்டாமல் கேட்டாள். "இன்னாக்கா, ஊரே முழுகிப் போச்சு, உன் பத்தியம் மட்டும் மெதக்குதா?"

"முழுகினது உன் வூட்டு அடுப்புடி. என் பேத்தி வவுறு இல்ல" என்றாள் மாமியார்.

"ஆமா, வெள்ளம்கூட உன்ன கேட்டுட்டுத்தான் உள்ள வந்துச்சு!"

எல்லாரும் சிரித்தார்கள். மருமகளும் சிரித்தாள் என்று ஞாபகம். அவளுக்கு என்ன வயசு, இருபது இருக்கும். பசியில் சிரித்த சிரிப்பு.

மறுநாள் பிள்ளைக்குப் பேதி ஆரம்பித்தது. தண்ணி தண்ணியாகப் போனது. பாட்டிலைக் கொடுத்தால் குடித்தது, குடித்ததும் போனது. மாரில் போட்டால் வாயைத் திருப்பிக்கொண்டது. அந்தப் பொண்ணுக்கும் மார் தொளதொளவென்று ஆகிவிட்டது. "பயத்துல பால் வத்திப் போச்சு" என்று நாலு பேர் சொல்ல, அவளும் அதை நம்பி அழ ஆரம்பித்தாள்.

நல்லவேளையாக அன்றைக்கே நர்ஸம்மா வந்துவிட்டாங்க. எங்கள் பக்கத்து ஊர்களுக்கெல்லாம் அவங்கதான் நர்ஸ். பாதி தூரம் டிராக்டரில், மீதி தூரம் மருந்துப் பையைத் தலையில் வைத்துக்கொண்டு தண்ணீரில். வந்ததும் உட்காரக்கூட இல்லை, பிள்ளையைக் கையில் வாங்கி, தோலைக் கிள்ளிப் பார்த்தாங்க, உச்சியைத் தடவிப் பார்த்தாங்க. பாட்டிலை எடுத்து மோந்தாங்க.

"இந்தத் தண்ணி எங்கேர்ந்து?"

"கொழாத் தண்ணிதாம்மா. வடிகட்டித்தான் ஊத்தினேன்" என்றாள் மாமியார்.

"மண்ணை வடிகட்டலாம். சாக்கடையை வடிகட்ட முடியுமா? ஊர் கக்கூஸ் எல்லாம் முழுகித்தானே கெடக்குது?"

நர்ஸம்மா டப்பாக்களையும் பாட்டில்களையும் ஒரு சாக்கில் போட்டுக் கட்டச் சொன்னாங்க. டப்பாப் பால் தாய்ப்பாலுக்கு வழியே இல்லாத பிள்ளைக்கு மட்டும்தான், அதுவும் தண்ணீரைக் கொதிக்கவைத்து, தான் இருந்து பார்த்துத்தான் கொடுக்கணும், பாட்டில் கூடவே கூடாது என்று சொன்னாங்க. பேதிக்கு உப்பும் சர்க்கரையும் கலந்த பொட்டலத்தைக் கொதித்து ஆறின தண்ணீரில் கரைத்துத் தந்தாங்க. கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகலாம் என்றால் தரைப்பாலம் தண்ணீருக்கடியில் இருந்தது.

"தண்ணி எறங்கற வரைக்கும் இந்தப் புள்ளைக்கு வேற மருந்து கெடையாது, ஆயா" என்று என்னிடம் மெதுவாகச் சொன்னாங்க. "திரும்பவும் தாய்ப்பால் எடுத்துக்கிச்சுன்னா பொழைச்சுக்கும். காய்ஞ்ச எடமா, ஆம்பளைங்க வராத எடமா ஒண்ணு வேணும். இருக்குதா?"

நான் அரிசி மூட்டை அறையைக் கையால் காட்டினேன். சாமான் அறை என்றே நினைத்திருந்ததால் அதுவரை எனக்கே தோன்றவில்லை.

அந்தப் பொண்ணை ஒரு மூட்டைமேல் உட்காரவைத்தோம். அடுப்புச் சூடு அங்கே வரும். கோணிச் சாக்கை உதறிப் போர்த்தினோம். ஒரு சோறு வடிக்கிற நேரத்தில் அவள் தலை காய்ந்துவிட்டது. மாமியார் கோதிப் பார்த்து, கொண்டை போட்டுவிட்டாள். பிறகு நர்ஸம்மாவுக்கும் அந்த அம்மாவுக்கும் நடந்த பேச்சைக் கேட்க வேண்டுமே, சந்தையில் மாடு பிடிக்கிறவர்கள் தோற்றார்கள்.

"ஈரமா இருந்தாலும் உள்ள இருக்கற பால் குளிராது. ஒடம்பு சூடுதான் அதுக்குச் சூடு."

"நீங்க படிச்சவங்க, சொல்லுவீங்க. சளி வந்தா நீங்களா மூச்சு வுடுவீங்க?"

"சரி, தல காய வெச்சே குடுங்க. இப்ப காஞ்சாச்சு இல்ல? இனிமே பீய்ச்சிக் கீழ வுடக் கூடாது. ஒரு சொட்டுகூட."

"மொதப் பால் கொஞ்சம்..."

"கொஞ்சமும் கூடாது."

"சரி. ஆனா பத்தியம் பத்தியம்தான். பூசணிக்கா தர மாட்டேன்."

"தராதீங்க. ஆனா பட்டினி போடறதுக்குப் பத்தியம்னு பேர் வெக்காதீங்க. எதை ஒத்துக்குவீங்களோ அத்தச் செஞ்சு வயிறு நெறையக் குடுங்க. எல்லாமே தின்னலாம்னு நான் சொல்றேன், அதுக்குத் தண்ணி வடிஞ்ச பொறவு சண்டை போட்டுக்கலாம்."

இரண்டு பேரும் என் பக்கம் திரும்பினார்கள். செய்து கொடுக்க வேண்டியவள் நான் ஆயிற்றே. நான் தலையை ஆட்டினேன்.

காற்றடித்தால் எங்கள் ஊரில் முதலில் விழுகிற மரம் முருங்கை. பள்ளிக்கூட வேலியோரம் நின்றது அடியோடு சாய்ந்து கிடந்தது. அதிலிருந்து கீரை உருவி, பருப்புப் போட்டு, நெய் இல்லாத குறைக்கு எண்ணெய் விட்டு வதக்கிக் கொடுத்தேன். மாமியார் ஒரு வாய் தின்று பார்த்துவிட்டுத்தான் மருமகளுக்குத் தந்தாள். அவள் தின்ற வேகத்தைப் பார்த்து எனக்குக் கண் கலங்கியது, புகை என்று சொல்லித் துடைத்துக்கொண்டேன். ஆனால் பூண்டு சத்துணவுச் சாமானில் ஒரு கைப்பிடிதான் இருந்தது. மிளகு இல்லவே இல்லை.

பிள்ளை இன்னும் மாரில் வாய் வைக்கவில்லை. பாட்டில் பழகிவிட்டது, அதில் பால் தானாக வந்து வாயில் விழுமே. நர்ஸம்மா அந்தப் பொண்ணைக் கைகழுவச் சொல்லி, ஒரு டம்ளரில் பீய்ச்சச் சொன்னாங்க. அடி நனைகிற அளவுதான் வந்தது. நான் எண்ணெய் எடுக்கிற சின்னக் குழிக்கரண்டியைக் கொதிக்கிற தண்ணீரில் போட்டு எடுத்துக் கொடுத்தேன். பாலாடைச் சங்கில் புகட்டுகிற மாதிரி அதில் கொஞ்சம் கொஞ்சமாக, பிள்ளை நாக்கை நீட்டி வாங்கிக்கொள்கிற வேகத்துக்குப் புகட்டினாங்க. "இப்பிடியே குடுத்துக்கினு, நடுநடுவுல மாருல போட்டுப் பாருங்க. புள்ள சப்பச் சப்பத்தான் ஊறும். கெணறு மாதிரி, எறைக்காம வுட்டாத்தான் தூர்ந்து போவும்" என்று சொல்லிவிட்டு அடுத்த ஊருக்குப் புறப்பட்டாங்க. நாளைக்கும் வருவேன் என்றாங்க. வந்தாங்க.

டப்பா கொண்டுவந்தவர் மறுபடியும் வந்தது அதற்கப்புறம்தான். நான் குழம்பு கிண்டிக்கொண்டிருந்தேன். வாசலில் செருப்புச் சத்தம். செல்போனைக் கையில் பிடித்துக்கொண்டு ஒரு காலை உள்ளே வைத்துவிட்டார்.

"ஆயா, ஒரே நிமிஷம். அந்தப் பொண்ணு கையில ஒரு டப்பாவைக் குடுத்து ஒரு போட்டோ. பணம் குடுத்தவங்களுக்கு அனுப்பணும். அதைப் பாத்தாத்தான் இன்னும் கொஞ்சம் தருவாங்க."

உள்ளே அந்தப் பொண்ணு மாரைத் திறந்து பிள்ளையை அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மாமியார் வெளியே துணி அலசப் போயிருந்தாள். என்னைத் தவிர வேறு யாரும் இல்லை. நான் கரண்டியைக் குறுக்கே நீட்டிக்கொண்டு வாசலில் நின்றேன். வாயிலிருந்து வந்த சத்தம் எனக்கே அடையாளம் தெரியவில்லை.

"உள்ள வராதீங்க! புள்ளைக்கு மார் குடுக்கறாங்க!"

வகுப்பறைகளில் இருந்தவர்கள் எல்லாரும் எட்டிப் பார்த்தார்கள். அந்த மனுஷன் காலை வெளியே எடுத்தார். குழம்பு அவர் சட்டையில் சொட்டியிருந்தது. ஹாலில் யாரோ ஒருத்தன் சொன்னான், "டேய், பேசினது ஆயாவா? இந்த வெள்ளம் இன்னும் இன்னா இன்னா காட்டப் போவுதோ!" அவன் நான் முட்டை உரித்துக் கொடுத்து வளர்ந்த பயல்தான். வெட்கத்தில் எனக்குக் காது எரிந்தது. இப்போது எழுதும்போதும் எரிகிறது.

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. தள்ளி நின்று, தலையைச் சொறிந்துகொண்டு கேட்டார். "சரி ஆயா. டப்பாவும் வேணாங்கறாங்க நர்ஸம்மா. நாங்க வேற இன்னாதான் கொண்டாறது? நீங்களே சொல்லுங்க."

"பூண்டு" என்றேன்.

"பூண்டா?"

"பூண்டு, மிளகு. காஞ்ச துணி. பழைய சேலையா இருந்தாக்கூடப் போதும்."

"நிவாரணத்துக்குப் பூண்டு கேட்ட ஊரு ஒங்க ஊருதான் ஆயா" என்று சொல்லிப் போனார். போனவர் மறுநாள் பூண்டு மூட்டையோடு வந்தார். மூட்டை என்றால் மூட்டை. மளிகைக்கடைச் சிநேகிதக்காரரிடம் சொல்லித் தூக்கி வந்துவிட்டார். அவர் வீட்டுப் பெண்கள் பீரோவிலிருந்து எடுத்துக் கொடுத்த சேலைகளும் வந்தன. ஒன்றில் பட்டுக்கரை. அதை அரிசி அறை வாசலுக்குக் கட்டினோம்.

அதற்கு மேல் எனக்கு ஒரு சட்டி தனிப் பத்தியம் வைக்கத் தேவையே இல்லாமல் போனது. அத்தனை பூண்டை என்ன செய்ய? பூண்டுக் குழம்பு, பூண்டு ரசம், பூண்டுச் சோறு என்று முகாம் முழுக்கப் பிள்ளை பெற்றவள் சாப்பாடுதான். "நாங்க எல்லாம் எப்பம்மா பெத்தோம்?" என்று ஆம்பிளைகள் கேலி செய்துகொண்டே இரண்டாம் தரம் தட்டை நீட்டினார்கள்.

அந்தப் பொண்ணு வயிறு நிறையத் தின்றாள். கரண்டிப் பால் கொஞ்சம் கூடியது. பேதி குறைந்தது. ஆனால் மாரில் போட்டால் மட்டும் பிள்ளை முதுகை வளைத்துக்கொண்டு வீறிட்டது. நர்ஸம்மாவும் கவலைப்பட்டாங்க என்பது முகத்தில் தெரிந்தது. கரண்டியிலேயே எத்தனை நாள் ஓட்டுவது? இவள் பீய்ச்சுகிறது பிள்ளை பசிக்குக் காணாது.

ஒரு முற்பகல், நான் அண்டாச் சோற்றை வடிக்கச் சாய்த்திருந்தேன். பட்டுக்கரைச் சேலைக்குப் பின்னால் அந்தப் பொண்ணு அழுகிற குரல் கேட்டது.

"அத்தே, இது என்னை வேணாங்குது."

"வேணாங்கட்டும். பெத்தவள வேணாங்கற வயசு அதுக்கு இன்னும் வரல. மாத்திப் போடு."

"போட்டுப் பாத்துட்டேன் அத்தே."

"மறுபடி போடு. தூக்கக் கலக்கத்துல கீது பாரு, இப்பப் போடு. நான் அந்தப் பக்கம் திரும்பிக்கறேன். என்னப் பாத்தா நீ பயப்படற."

அந்த அம்மா திரும்பி உட்கார்ந்தது எனக்குத் தெரிந்தது, சேலைக்குக் கீழே கால் தெரியுமே. பிறகு சத்தமே இல்லை. வீறிடும் என்று எதிர்பார்த்துக்கொண்டு நின்றேன். வீறிடவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, க்ளக் என்று ஒரு சின்னச் சத்தம். இன்னொன்று. பிள்ளை முழுங்குகிற சத்தம். பிள்ளை பெற்றவளுக்கு அது எந்தச் சத்தத்துக்கு நடுவிலும் கேட்கும்.

மாமியார் சேலை ஓரத்தை விலக்கி எட்டிப் பார்த்தாள். என்னைப் பார்த்து வாயில் விரலை வைத்தாள். அசையாதே என்கிறாள். நானோ கொதிக்கிற அண்டாவைப் பாதி சாய்த்து, தட்டைத் துணியால் அழுத்திப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். நிமிர்த்தினால் தட்டு கடமுடாவென்று சத்தம் போடும். பிள்ளை திடுக்கிட்டு வாயை எடுத்துவிடும். அப்படியே நின்றேன். இடுப்பு கழன்றது. கஞ்சி வடிந்து முடிந்து, சோறு ஆவியிலேயே வெந்துகொண்டிருந்தது. பிள்ளை ஒரு பக்கம் குடித்துவிட்டு, தானாக வாயை எடுத்து, தூங்கின பிறகுதான் அண்டாவை இறக்கினேன்.

அன்றைக்குச் சோறு களியாகிவிட்டது. பந்தியில் முணுமுணுத்தார்கள். "இன்னா ஆயா, கையில ருசி போச்சா? இதைக் கரண்டியில எடுத்தா கரண்டியே கூட வராது போலிருக்குதே" என்றார் ஒருத்தர். உள்ளேயிருந்து மாமியார் பாய்ந்து வந்தாள்.

"குழைஞ்சா இன்னாய்யா? கரைச்சுக் குடி! என் பேத்தி பால் குடிச்சா!"

பத்தியம் மிதக்குதா என்று கேலி செய்தாளே, அவள்தான் முதலில் கை தட்டினாள்.

தண்ணீர் வடிய இன்னும் சில நாட்கள் ஆயின. அந்த நாட்களைத்தான் நான் ஆசையாக நினைத்துக்கொள்கிறேன். பால் கொடுக்கிற மற்றப் பொண்ணுகளும் அரிசி அறைக்கு வந்துவிட்டார்கள். மூட்டைமேல் ஒருத்தி, தரையில் ஒருத்தி, வாசலில் பூண்டு உரித்துக்கொண்டு மூன்று பேர். பூண்டுத் தோல் பறந்து எல்லார் தலையிலும் ஒட்டிக்கொண்டிருக்கும். வெள்ளிமலைக்குப் போகிற ரோட்டில் மண் சரிந்து கிடந்ததால் அந்தப் பொண்ணின் அம்மாவுக்கு வர வழியில்லை. சிக்னல் கிடைக்கிறபோது போனில் கூப்பிட்டு, "சாமக் கஞ்சி குடிச்சு வளந்தவ சம்பந்திம்மா, வெறும் அரிசியே போடாதீங்க" என்பாள். மாமியார் போனை வைத்துவிட்டு, "மலமேல ஒக்காந்துகினு என் சமையலுக்குக் கணக்குக் கேக்கறா" என்று எங்களிடம் பொருமுவாள். சமைத்தது நான். நாங்கள் சிரிப்போம். அத்தனை பெண்களுக்கு நடுவில் நான் கூச்சமில்லாமல் பேசிக்கொண்டிருந்தது என் ஆயுசில் அந்தக் கொஞ்ச நாள்தான். ரோடு திறந்ததும் அவள் அப்பா ஜீப்பில் சாமை அரிசியோடு வந்து இறங்கினார். அதையும் ஒரு வேளை எல்லாருக்கும் பொங்கினோம்.

பிறகு ஒவ்வொருத்தராக வீட்டைக் கழுவப் போனார்கள். சமைக்கிற பொண்ணு திரும்பி வந்தாள். நான் அடுப்பை மெழுகிவிட்டு வீட்டுக்கு வந்தேன். எனக்கு ஒருத்திக்கு எவ்வளவு அரிசி போடுவது என்று சில நாள் கை தடுமாறியது.

அந்தப் பிள்ளை இப்போது தெருவில் ஓடுகிறது. என்னைக் கண்டால் நின்று பார்க்கும், கூப்பிட்டால் வராது. அதுவும் கூச்சக்காரி போலிருக்கிறது. அதன் பாட்டி இன்னும் ஈரப் பால் ஆகாது என்றுதான் சொல்லிக்கொண்டிருக்கிறாள். நர்ஸம்மா வந்தால் தண்ணி வடிந்த பிறகு போடலாம் என்று தள்ளிவைத்த சண்டை தவறாமல் நடக்கும். ஆனால் தெருவில் எவள் பிள்ளை பெற்றாலும் முதல் ஆளாகப் போய் நின்று, பீய்ச்சிக் கீழே விடாதே, பாட்டிலைத் தொடாதே என்று அதட்டுகிறவளும் அவள்தான்.

இதைப் படிக்கிறவர்களில் வைத்தியம் தெரிந்தவர்கள், நர்ஸ் வேலை பார்க்கிறவர்கள் யாராவது இருந்தால் ஒரு உதவி செய்ய வேண்டும். டம்ளரில் பீய்ச்சினது, கரண்டியில் புகட்டினது, பேதிக்குக் கரைத்துக் கொடுத்தது, டப்பாப் பாலைப் பற்றி நர்ஸம்மா சொன்னது, இதெல்லாம் நான் அடுப்பைப் பார்த்துக்கொண்டே காதில் வாங்கினது. முன்பின்னாக எழுதியிருப்பேன், விட்டும் போயிருப்பேன். சரியா என்று பார்த்து, தப்பு இருந்தால் திருத்திவிடுங்கள். சோறு குழைந்தால் கரைத்துக் குடித்துக்கொள்ளலாம். இது கைப்பிள்ளை விஷயம். மறுபடி ஒரு வெள்ளம் வந்து, எங்கேயோ ஒருத்தி நான் எழுதினதை நம்பிச் செய்துவிடப் போகிறாள்.